உடம்பு சொல்றதைக் கேளுங்க

ஏனுங்க தம்பி, சொன்னாத் தப்பா நினைச்சுக்கக் கூடாது. காங்கேயத்துல ஏறுனதுல இருந்து பாத்துட்டு இருக்கேன். நீங்க உக்காந்திருக்கீங்க பாருங்க, அது உக்கார்றதே கெடையாது. முதுகு ஒரு பக்கம், இடுப்பு ஒரு பக்கம். தப்புன்னு சொல்லலீங்க. தப்புங்கற வார்த்தையே நாங்க சொல்லக்கூடாது. இன்னும் கொஞ்சம் நல்லா இருக்கலாம், அவ்வளவுதான். ஆங், அப்படி. தோளை விடுங்க. மூச்சை இழுங்க. மெதுவா விடுங்க. பாத்தீங்களா, முகத்துல ஒரு களை வந்துருச்சு.

உங்க தோளைத் தொடலாமுங்களா? கேக்காமத் தொடக்கூடாதுங்கறது எங்க விதி. வேண்டாமா? சரீங்க, வேண்டாம். உங்க உடம்பு வேண்டாம்னு சொல்லுது, நான் மதிக்கறேன். அந்த பேக்கை மட்டும் மடியில இருந்து எறக்கி வெச்சுருங்க. நான் உங்களுக்குச் சொல்லலீங்க, பேக்குக்குச் சொல்றேன்.

என் பேரு ராக்கியப்பன். பேரைச் சொன்னா எங்கூர்ல ஒருத்தருக்கும் தெரியாது. விசில் மாஸ்டர்னு கேட்டீங்கன்னா சின்னக் கொழந்தையும் வீட்டைக் காட்டும். பள்ளிக்கூடத்துல டிரில் மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவன். நான் ஒரு ஊதல் ஊதுனா மைதானத்துல பசங்க நிக்கறது இருக்கட்டும், அக்கட்டால ரோட்டுல போற மினி பஸ்ஸே நின்னுரும். இப்ப விசிலெல்லாம் இல்லை. இப்ப யோகா. அதும் சும்மா யோகா இல்லீங்க, கருணையோட யோகா.

எங்க போறேன்னா கேக்கறீங்க? உடுமலைக்குங்க, மச்சான் வீட்டுக்கு. என் சம்சாரம் சம்பூர்ணம் அங்க போய் உக்காந்திருக்கா, கூட்டீட்டு வரோணும். கோவிச்சுட்டெல்லாம் போகலீங்க. சும்மா போயிருக்கா. பெட்டியைக் கட்டிக்கிட்டுச் சும்மா போயிருக்கா. அவ வந்தாத்தான் என் வகுப்பு நடக்கும்னு ஆயிப்போச்சு, அதுக்குத்தான் போறேன். மத்தபடி எனக்கென்னங்க? சோறாக்கத் தெரியும். ரசம்தான் நெம்ப நாளா ஒரு மாதிரி வருது. அதை விடுங்க.

ரிட்டயர் ஆன புதுசுல எனக்கு வீட்டுல இருப்புக் கொள்ளலீங்க. காலையில எந்திரிச்சு யாரையாவது வரிசையில நிக்க வைக்கலீன்னா அன்னிக்குச் சோறு எறங்காது. வாசல்ல பால்காரன், பேப்பர்காரன் ரெண்டு பேரையும் உயரப்படி நிக்க வெச்சிருக்கேன்னா பாத்துக்குங்க. சம்பூர்ணம்தான் சொன்னா, "ஏனுங்க, யோகா கீகா படிச்சுட்டு வந்து சொல்லிக் குடுங்க. ஊர்ல பொம்பளைக எல்லாம் முட்டி வலி, இடுப்பு வலின்னு கெடக்கறோம்"னு. நல்ல யோசனைதான். யார் சொன்னா என்னங்க, நான்தானே போய்ப் படிச்சேன்.

கோயமுத்தூர்ல ஒரு முகாம். ஆசனமெல்லாம் எனக்கு முன்னாடியே அத்துபடி. அங்க புதுசாச் சொல்லிக் குடுத்தது கருணை. சொல்லிக் குடுத்த அம்மணி பேசறது முன்னால உக்காந்திருக்கற எனக்கே காதுல விழாது, அவ்வளவு மெதுவு. என்னையப் பாத்து, "ஐயா, நீங்க கட்டளை போடறீங்க. அப்படிப் போடாம, அழைக்கோணும்"னாங்க. யாரை அழைக்கறதுங்கன்னு கேட்டேன். "அவங்கவங்க உடம்போட அவங்க பேசறதுக்கு நீங்க அழைக்கோணும்"னாங்க. எனக்கு ஒரு மண்ணும் வெளங்கலை. ஆனா தலையை நல்லா ஆட்டுனேன். தலையாட்டுனது போதும் ஐயா, கழுத்து வலிக்கும்னு அதையும் கருணையாத்தான் சொன்னாங்க.

கேக்காமத் தொடக்கூடாது. ஒருத்தரை இன்னொருத்தரோட ஒப்பிடக்கூடாது. அதட்டக்கூடாது. எல்லாத்துக்கும் மேல, 'நான் சொல்றதைக் கேளுங்க'ன்னு வாயில வரவே கூடாது. 'உங்க உடம்பு சொல்றதைக் கேளுங்க' அப்படீன்னுதான் சொல்லோணும். தம்பி, என் நெலமையை யோசிச்சுப் பாருங்க. சர்வீஸ் பூராவும் 'சொன்னாக் கேளுடா'ங்கற ஒத்தை வாக்கியத்துல சம்பளம் வாங்குனவன் நான். அந்த வாக்கியத்தைப் புடுங்கிட்டா என்கிட்ட மிச்சம் என்ன இருக்குது? ஆனாலும் விடலீங்க. முடிவு பண்ணிட்டேன், இந்த ஜில்லாவுலயே என்னை மாதிரிக் கருணையா ஒருத்தன் இருக்கக்கூடாதுன்னு.

எங்கூர்ல ஒரு கல்யாண மண்டபம் இருக்குது. முகூர்த்தம் இல்லாத நாள்ல ஈ ஓட்டிட்டுக் கெடக்கும். ஓனர் என்கிட்ட உதை வாங்கிப் படிச்ச பையன், சாவியைக் குடுத்துட்டான். காலையில பொம்பளைகளுக்கு வகுப்பு. முதல் நாள் எல்லாரும் வரிசையா உக்காந்தாச்சு. நான் அந்த அம்மணி மாதிரியே குரலை எறக்கி, "அன்பானவர்களே, மெதுவாக் கண்ணை மூடிக்குங்க"ன்னேன். ஒருத்தியும் மூடலை. ஒருத்தி மூஞ்சியை ஒருத்தி பாக்கறா. அடுத்த நாள் வந்தவங்க ஆளுக்கொரு பொட்டலம் கொண்டாந்திருக்காங்க. பனங்கற்கண்டு, மிளகு, சித்தரத்தை. மாஸ்டருக்குத் தொண்டை கட்டிக்கிச்சுன்னு ஊர் பூராம் பேச்சாயிருச்சாம்.

போகப் போகச் சரியாயிருச்சுங்க. பரிமளம்னு ஒருத்தி, அரிசி மில்லுக்காரர் சம்சாரம், வாய் ஓயாது. துளசிமணின்னு ஒருத்தி, வீட்டுலயே தறி போட்டிருக்காங்க, அந்த லொட லொட சத்தத்துலயே பொறந்து வளந்து கல்யாணம் பண்ணிப் பிள்ளை பெத்தவ. இந்தத் துளசிமணி என்ன பண்ணுவா தெரியுங்களா? வருவா, வந்தவுடனே பாயை விரிச்சுப் படுத்துருவா. ஏம்மா, இப்பத்தானே ஆரம்பிக்கறோம், கையைத் தூக்கும்மான்னா, "சார், என் உடம்பு படுங்குதுங்க சார். நீங்கதான உடம்பு சொல்றதைக் கேக்கச் சொன்னீங்க?"ன்னு சொல்லிட்டுத் தூங்கிருவா. கொறட்டைன்னாக் கொறட்டை, அப்படி ஒரு கொறட்டை! எனக்குக் கை பரபரங்குது. பாக்கெட்டைத் தடவறேன், விசில் இல்லை. பல்லைக் கடிச்சுட்டு, "நல்லதும்மா, ஓய்வும் ஒரு ஆசனம்தான்"னு சொன்னேன். அன்னிக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சத்தமில்லாத எடத்துல தூங்கி எத்தனை வருசமாச்சோன்னு சம்பூர்ணம் சொன்னா. இருக்கலாம். ஆனா வகுப்புன்னா வகுப்புதானுங்களே?

அப்புறம்தானுங்க மாற்றம் வந்துச்சு. அந்தக் கோயமுத்தூர் அம்மணி சொன்னாங்கல்ல, யோகாவுல மனுசங்க உள்ளுக்குள்ள மாறுவாங்கன்னு. எங்கூர்ல உள்ள மாறுனாங்களோ என்னமோ, வெளிய நல்லாவே மாறிட்டாங்க. ஒரு நாள் மில்லுக்காரர் நேரா மண்டபத்துக்கே வந்துட்டார். "மாஸ்டர், இது நாயமா? காப்பி கேட்டேனுங்க. அவ, உடம்பு வேண்டாம்னு சொல்லுதுங்கறா. யாரோட உடம்புடின்னு கேட்டேன். என் உடம்புதாங்கறா. அப்ப என் காப்பிக்கு யாருங்க பதில் சொல்றது?"ங்கறார். நான், "உங்க உடம்பு என்ன சொல்லுதுன்னு கேட்டுப் பாருங்க"ன்னேன். "அது காப்பி வேணுங்குது"ன்னார். "அப்படீன்னா அந்த உடம்பையே அடுப்படிக்குப் போகச் சொல்லுங்க"ன்னு பின்னால இருந்து பரிமளம் சொல்றா. அத்தனை பொம்பளைகளும் சிரிக்கறாங்க. அவர் போயிட்டார். இப்ப அவரே காப்பி போட்டுக்கறார், சக்கரையும் கொறைஞ்சுருச்சாம்.

அதுக்கப்புறம் ஊர் பூராம் இதே பேச்சு. ரெண்டாவது தடவை சோறு வைக்கச் சொன்னா உடம்பு வேண்டாங்குது. விடியக்காலம் விருந்தாளு, ஒறம்பரைன்னு யாராவது வந்தா உடம்பு வேண்டாங்குது. ஆம்பளைக என்னைய டீக்கடையில பாத்தா எந்திரிச்சு அக்கட்டால போயிருவாங்க. நான் கண்டுக்கலீங்க. எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு. விசிலடிச்சு முடியாததைக் கருணையில சாதிச்சிருக்கேன்னு ராத்திரி படுத்தா நெஞ்சு விம்மும்.

சம்பூர்ணமா? அவ தெனமும் வருவாங்க. சுக்குக் காப்பி போட்டுப் பெரிய பிளாஸ்க்குல கொண்டாந்து, ஓரமாப் பிளாஸ்டிக் சேர்ல உக்காந்துக்குவா. வகுப்பு முடிஞ்சா எல்லாருக்கும் ஊத்திக் குடுப்பா. நல்லவதான். ஒரே ஒரு கெட்ட பழக்கம், கை நிக்காது. கடைசியில சவாசனம்னு ஒண்ணு போடுவோமுங்க, பொணம் மாதிரி மல்லாக்கப் படுத்து ஒடம்பைத் தளர விடறது. பொணம்னு சொன்னாப் பொம்பளைக வெள்ளிக்கிழமை படுக்க மாட்டேங்கறாங்க, அதனால நான் அதுக்குப் பெருமாள் ஆசனம்னு பேர் மாத்திட்டேன். எல்லாரும் படுப்பாங்க, நானும் முன்னால படுப்பேன். எனக்கு உடனே ஆழ்ந்த தியானம் வந்துரும். தூக்கம் இல்லீங்க, தியானம். அந்தத் தியானத்துல இருக்கறப்ப இவ டணார்னு ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கீழ போடுவா. தெனமும். ஒரு நாள் தவறாது. நான் எந்திரிச்சு மொறைப்பேன். "கை தவறிருச்சுங்க"ம்பா. எத்தனையோ தடவை திட்டியிருக்கேன், வயசாயிருச்சு உனக்கு, ஒரு டம்ளரைப் புடிக்க வக்கில்லைன்னு. அவ சிரிச்சுக்கிட்டே காப்பி ஊத்தப் போயிருவா.

சரி, விசயத்துக்கு வர்றேன். வாத்தியார் சம்சாரமே சேர்ல உக்காந்திருந்தா ஊர் என்ன பேசும்? அதனால நீயும் வந்து பாயில உக்காருன்னேன். முட்டி மடங்காதுங்கன்னா. மடக்குனா மடங்கும்னு சொன்னேன். வந்தா. கொஞ்ச நாள் என்னமோ ஒப்பேத்திட்டு இருந்தா. அன்னிக்கு வஜ்ராசனம். முட்டியை மடக்கி, குதிகால் மேல உக்கார்றது. துளசிமணி தூங்கீட்டு இருக்கா, பரிமளம் ஒரு காலை மட்டும் மடக்கி இன்னொரு காலுக்கு உடம்பு வேண்டாங்குதுன்னு உக்காந்திருக்கா. நான் எல்லாத்தையும் பாத்துக் கருணையாச் சிரிச்சுட்டே வர்றேன். இவ பாதியில நிக்கறா. உக்காரவும் இல்லை, எந்திரிக்கவும் இல்லை. "உக்காரு"ன்னேன். "முடியலீங்க"ன்னா. தோளைப் புடிச்சு ஒரு அமுக்கு அமுக்குனேன்.

கேட்டனான்னா கேக்கறீங்க? யாரை? சம்பூர்ணத்தையா? என்னங்க தம்பி இது, கட்டுன பொண்டாட்டி தோளைத் தொடறதுக்கு அனுமதி கேப்பாங்களா? அதெல்லாம் மாணவர்களுக்குங்க. கருணையெல்லாம் வகுப்புக்கு. வீட்டாளுகிட்டயும் அதையே காட்டிட்டு இருந்தா ஒரு மனுசன் எப்பத்தான் எளைப்பாறுறது?

அவ "அம்மா"ன்னு ஒரு சத்தம் போட்டா. ரொம்பச் சின்னச் சத்தம்தான். எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துருச்சு. இத்தனை பேர் முன்னால என் மானத்தை வாங்கறியான்னு. எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியலை, மேசை டிராயர்ல போட்டு வெச்ச விசில் அன்னிக்குப் பாத்துப் பாக்கெட்டுல இருக்குது. ஒரு ஊது ஊதிட்டேன். துளசிமணி தூக்கத்துல இருந்து துள்ளி எந்திரிச்சா. வெளிய மினி பஸ் நின்னுருச்சு. "முட்டி வலியெல்லாம் ஒண்ணுமில்லை, எல்லாம் சோம்பேறித்தனம், சொன்னாக் கேளு"ன்னு கத்துனேன். நெசமாலுமே சோம்பேறித்தனம்னு நான் நினைக்கலீங்க. அந்த நேரத்துல வாயில வந்த வார்த்தை அதுதான்.

அவ சேரைப் புடிச்சு எந்திரிச்சா. எல்லாருக்கும் சுக்குக் காப்பி ஊத்திக் குடுத்தா. எனக்கும் குடுத்தா. வீட்டுக்கு வந்து பெட்டியைக் கட்டுனா. எங்கடின்னேன். "தம்பி வீட்டுக்கு"ன்னா. என்ன சோலின்னேன். அதுக்கு அவ சொல்றா, "கல்யாணம் ஆனதுல இருந்து நீங்க சொன்னதை நான் கேட்டேன். நான் சொன்னதை நீங்க கேக்கலை. சரி, சொன்னதைக் கேக்காட்டிப் போச்சாது, என்னன்னாவது என்னைக் கேட்டிருக்கலாம். ஊர்ல இருக்கற பொம்பளைக்கெல்லாம் உன் உடம்பு என்ன சொல்லுதுன்னு கேக்கறீங்க. என் உடம்பு இந்த வீட்டுல கொஞ்ச நாள் இருக்க வேண்டாங்குது"ன்னா. என்ன பேச்சுன்னு பாருங்க! எல்லாம் என்கிட்டக் கத்துக்கிட்ட பேச்சு.

நான் தடுக்கலீங்க. ரெண்டு நாள்ல வந்துருவான்னு இருந்தேன். வரலை. போன் பண்ணுனா மச்சான் எடுத்து, "அக்கா படுத்திருக்குதுங்க மாமா"ங்கறான். எப்பப் பண்ணுனாலும் படுத்திருக்குதாம்.

வகுப்பு மட்டும் நடந்துச்சு. ஆனா ஒரு மாதிரி நடந்துச்சுங்க. கையைத் தூக்குங்கன்னா, பரிமளம் கண்ணை மூடிக்கிட்டு, "இருங்க சார், கேட்டுச் சொல்றேன்"ம்பா. கொஞ்ச நேரம் கழிச்சு, "வேண்டாங்குதுங்க சார்"ம்பா. எல்லாருமே கேட்டுச் சொல்றாங்க, எல்லாரோட உடம்பும் வேண்டாங்குது. சம்பூர்ணத்தம்மா எப்ப வரும்னு மட்டும் கேக்கறாங்க. வரும், வரும்னு சொல்லிப் பெருமாள் ஆசனத்துக்கு வந்துருவேன். அது ஒண்ணுதான் எல்லாரும் செய்யறது.

அப்பத்தான் அந்தச் சம்பவம். சிரிக்கக் கூடாது, சொல்லிட்டேன். அன்னிக்கும் நான் முன்னால படுத்தேன். தியானம் வந்துருச்சு. அன்னிக்குப் பாத்து டம்ளர் எதுவும் விழுகலீங்க, அவதான் ஊர்ல இல்லையே. அதுக்கும் நான் எந்திரிக்காததுக்கும் என்ன சம்பந்தம்னு எனக்குத் தெரியலை. சும்மா சொல்றேன். பொம்பளைக எல்லாம் எந்திரிச்சு, பாயைச் சுருட்டிக்கிட்டு, சத்தமில்லாமப் போயிட்டாங்க. போறப்ப என் மூஞ்சியில ஈ மொய்க்குதுன்னு யாரோ என் வெள்ளைத் துண்டை எடுத்து மூஞ்சி மேல போட்டிருக்காங்க. நல்ல மனசு. வகுப்புக்கு ஏத்தி வெச்ச ஊதுபத்தி அணைஞ்சுறக்கூடாதுன்னு ஒரு வாழைப்பழத்துல குத்தி என் தலைமாட்டுல வெச்சிருக்காங்க. நான் வழக்கமாப் படுக்கறது தெக்கத் தலை வெச்சு, மேடை அந்தப் பக்கம்.

அன்னிக்கு அங்க ஒரு நிச்சயதார்த்தம். எனக்குத் தெரியாது. பொண்ணு வீட்டுக்காரங்க தட்டு வரிசையோட உள்ள வர்றாங்க. முன்னால வந்த அம்மா பாத்திருக்காங்க. நடு மண்டபத்துல ஒரு ஆளு மல்லாக்க, மூஞ்சியில வெள்ளைத் துணி, தலைமாட்டுல ஊதுபத்தி. "அய்யோ சாமி, மண்டபத்துல பொணம்!"னு ஒரு கத்து. தேங்கா ஒரு பக்கம் உருளுது, ஆப்பிள் ஒரு பக்கம் உருளுது. அந்தச் சத்தத்துல எனக்குத் தியானம் கலைஞ்சு, துண்டோட அப்படியே எந்திரிச்சு உக்காந்தேன். அதுக்கப்புறம்தானுங்க நெசமான கத்து. மாப்பிள்ளையோட சித்தப்பா செருப்பை விட்டுட்டு ஓடுனவர் பஸ் ஸ்டாண்டுலதான் நின்னாராம். நாதசுரக்காரர் மட்டும் நின்ன எடத்துலயே நின்னுட்டு, "ஏனுங்க, வாசிக்கறதா வேண்டாமா? ஒரு முடிவாச் சொல்லுங்க"ங்கறார்.

அடுத்த நாள் பரிமளத்தைக் கேட்டேன், ஏம்மா என்னை எழுப்பலைன்னு. "உங்க உடம்பு தூக்கத்தைக் கேட்டுச்சுங்க சார். அதை மீறி நாங்க எப்படி எழுப்பறது, பாவமில்லீங்களா?"ங்கறா. துளசிமணி அதிகமாப் பேச மாட்டா, அவகூட, "நல்லாத் தூங்குனீங்க சார், பாக்கவே சந்தோசமா இருந்துச்சு"ங்கறா. எல்லாரும் முந்தானையை வாயில வெச்சு அழுகறாங்க. தோளெல்லாம் குலுங்குது. கண்ணுல தண்ணி. என் மேல அவ்வளவு பாசம். பாருங்க தம்பி, கருணைங்கறது இப்படித்தான், நாம ஒரு பங்கு குடுத்தா பத்துப் பங்கா நம்மகிட்டயே வரும்.

நீங்க எதுக்குச் சிரிக்கறீங்க?

ஆனா மண்டபத்து ஓனர் பையன் வந்து சாவியைக் கேட்டுட்டான். கையைக் கட்டிக்கிட்டுத்தான் கேட்டான். "சார், அந்தக் கல்யாணமே நின்னுருக்கும். இனிமே உங்க வீட்டு அம்மா கூட இருந்தாத்தான் சாவி. அவங்க இருந்த வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்லை"ன்னான். பொம்பளைகளும் அதையேதான் சொல்றாங்க. சம்பூர்ணத்தம்மா வந்தா வர்றோம், இல்லாட்டி எங்க உடம்பு வேண்டாங்குதுன்னு. என்னங்க இது? ஆசனம் சொல்லிக் குடுக்கறது நானு, காப்பி ஊத்தறவ இல்லாம வகுப்பு நடக்காதாமா?

அதான் கெளம்பிட்டேன். இன்னும் போன்லகூடச் சொல்லலை, நேர்ல போயி நிக்கலாம்னு. என்ன சொல்றதுன்னு யோசிச்சு வெச்சிருக்கேன். "வகுப்பு நின்னு போச்சு, ஊர்ப் பொம்பளைக எல்லாம் கஷ்டப்படறாங்க, அவங்களுக்காகவாவது வா" அப்படீன்னு. எப்படி இருக்குது? எனக்காக வான்னு சொன்னா அவளுக்கு மப்பு ஏறிப் போயிரும்.

நெசத்தைச் சொல்லட்டுங்களா? எனக்குப் பயமா இருக்குது. இந்த வயசுல, வர மாட்டேன்னு அவ சொல்லிட்டா நான் என்ன பண்ணுவேன்? வீட்டுக்குள்ள நொழைஞ்சா என் சத்தம் எனக்கே கேக்குதுங்க. யாரையும் திட்டறதுக்கு இல்லை. நேத்துச் சோத்தை முழுங்கிட்டு வெறும் அடுப்பைப் பாத்து, "ரசத்துல உப்புப் பத்தலை"ன்னு சொல்லிட்டு உக்காந்திருந்தேன்.

என்ன கேட்டீங்க?

எந்தக் காலுன்னா? அவளுக்கு எந்த முட்டி வலிக்குதுன்னா? அது... வலது. இருங்க. படியேறுறப்ப எந்தக் காலை முன்னால வெப்பா... இடதுன்னு நினைக்கறேன். இல்லை, வலதுதான். தம்பி, இந்த பஸ்ஸுல இருக்கற அத்தனை பேருக்கும் எங்கெங்க வலிக்குதுன்னு நான் சொல்லுவேன். அந்தக் கண்டக்டருக்கு எடது தோள்ல, தெரியுதுங்களா? பணப்பை தொங்கற பக்கம். முன் சீட்டு அம்மாவுக்குக் கழுத்து. பாத்தாலே தெரிஞ்சுரும் எனக்கு. இவளுக்கு மட்டும் எப்படி...

இருங்க, கேட்டுட்டாப் போச்சு. ஒரு போன் போடறேன். மச்சான்தான் எடுப்பான்.

அலோ. மாப்ள, அக்காகிட்ட... ஆ? சம்பூர்ணமா? நீயே எடுத்துட்டியா? ஒண்ணுமில்லை. சும்மாதான். இல்லை, பஸ்ஸுல இருக்கேன். இல்லை, வந்துட்டு இருக்கேன், தாராபுரம் தாண்டியாச்சு. இல்லை இல்லை, யாரும் போய்ச் சேரலை, எல்லாரும் நல்லா இருக்காங்க. ஒண்ணு கேக்கோணும். உனக்கு... உனக்கு எந்தக் காலு? முட்டிதான். எந்த முட்டின்னு. ... அலோ? ... அலோ, லைன்ல இருக்கியா? ... ஓ. ... சரி. ... சரி, சரி. ... சரி சம்பூர்ணம்.

வெச்சுட்டா.

ரெண்டுமாமுங்க.

ரெண்டு முட்டியுமேதானாம். எப்ப இருந்துன்னு நான் கேக்கலை. கேட்டிருக்கலாம், இல்லீங்களா? அப்புறம் சொல்றா, "பஸ் ஸ்டாண்டுல இருந்து நடந்து வராதீங்க, வெயிலு மண்டையைப் பொளக்குது. தம்பியை வண்டி எடுத்துட்டு வரச் சொல்றேன்"ங்கறா. எப்படிப் பேசறா பாருங்க. பாயில உக்காந்தது கொஞ்ச நாள்தான், அதுக்குள்ள எவ்வளவு கருணை! நம்ம வகுப்பு அப்படி.

அதுக்கப்புறம் ஒண்ணு சொன்னா. "வாங்க, சாப்பிட்டுட்டுப் போலாம்"னா. அவ்வளவுதான், வெச்சுட்டா.

ஏனுங்க தம்பி, 'சாப்பிட்டுட்டுப் போலாம்'னா என்ன அர்த்தமுங்க? சாப்பிட்டுட்டு நாம ரெண்டு பேரும் போலாம்னு அர்த்தமா? இல்லை, வாங்க, சாப்பிடுங்க, சாப்பிட்டுட்டு நீங்க போலாம்னு அர்த்தமா? நம்ம பேச்சுல ரெண்டுக்கும் ஒரே வார்த்தைதானுங்களே. குரலை வெச்சுக் கண்டுபுடிக்கலாம்னா, இந்தக் கெரகம் புடிச்ச பஸ் எரைச்சல்ல குரல் எங்க கேட்டுச்சு? கோவமா இருந்தா 'வாங்க'ன்னு சொல்லியிருப்பாளா? சொல்லுவா. எதிரிக்கும் எலை போடறவதான் அவ.

திருப்பிக் கூப்பிட்டு அவளையே கேக்கச் சொல்றீங்களா? சரிதான். கேட்டுட்டா ஒரே நிமிசத்துல தெரிஞ்சுரும். இந்தாங்க, போன்கூடக் கையிலதான் இருக்குது.

வேண்டாமுங்க. எப்படியும் வீட்டு வாசல்ல போயி நின்னு கேக்கத்தான் போறேன், அவ வாயாலதான் சொல்லுவா. உடுமலை வர்ற வரைக்குமாவது 'ரெண்டு பேரும் போலாம்'னே இருக்கட்டும்.